நகத்தில் நிற்காத பால்

ஜெசிந்தா அக்காவைக் கள்ளி என்று நான் நினைத்தது ஒரு வியாழக்கிழமை. நினைத்ததோடு நிற்காமல் முகத்துக்கு நேரே கேட்டும் விட்டேன். என் வாய் அப்படி. அது முதலில் ஓடிவிடும், மூளை ஆறுதலாக, மெல்லப் பின்னால் வரும். அந்தக் கதையைச் சொல்வதற்கு முதல், அவர் யார், அவருக்கும் எனக்கும் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன்.

நான் கொழும்பில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். தாய்ப்பாலில் பொலிஅமைன்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளப்பதுதான் என் வேலை. பாலில் புரதம், கொழுப்பு, சீனி இருப்பது எல்லாருக்கும் தெரியும். இவை அவற்றைவிட மிக மிகச் சிறிய சாமான்கள். பியூட்றசின், ஸ்பேமிடின், ஸ்பேமின் என்று மூன்று பேர். ஒரு லீற்றர் பாலில் மூன்றும் சேர்ந்து ஒன்றிரண்டு சீனிமணி நிறை வந்தாலே பெரிய காரியம். ஆனால் உடம்பின் கலங்கள், அதாவது செல்கள், வளர்ந்து பெருகுவதற்கு இவை வேண்டும். பிறந்த பிள்ளையின் குடல் முதிர்வதற்கும் இவை கைகொடுக்கின்றன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. தாய்க்குத் தாய் அளவு மாறும், ஒரே தாயிடம் மாதத்துக்கு மாதம் மாறும். ஏன் மாறுகிறது? சாப்பாடா, உடல்வாகா, வேறு ஏதாவதா? அது சரியாகத் தெரியாதபடியால்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

பெயர்கள் வந்த கதை மட்டும் கொஞ்சம் நாற்றம். ஒன்றுக்கு அழுகிய இறைச்சியிலிருந்து பெயர் வந்தது. மற்ற இரண்டுக்கும் வந்த இடத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. இதைத் தாய்மாரிடம் மூச்சும் விடக்கூடாது என்று முதல் நாளே ஜெசிந்தா அக்காவிடம் சொல்லி வைத்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அந்தோனியாரே! இந்த விஞ்ஞானிமாருக்குத் தேடுறதுக்கு வேற இடம் கிடைக்கலையா மிஸ்?”

பால் சேர்த்துக் கொண்டுவருகிறவர் அவர்தான். கொட்டாஞ்சேனைக்காரி, நாற்பத்தேழு வயது. இங்கே வருவதற்கு முன் அங்கேயே ஒரு மருந்துக்கடையில் பதினொரு வருடம் வேலைக்கு நின்றவர். காலையில் நீல நிற ஐஸ்பெட்டி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைத் தாய்மாரிடம் பால் வாங்கி முடிப்பார். பிறகு கோட்டையில் ரயில் ஏறி வெள்ளவத்தையில் இறங்குவார். ஒருமுறை நான் கூடப் போனபோது ஸ்டேஷனில் ஒரு பொலிஸ்காரர் மறித்து, பெட்டிக்குள் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். “மவ் கிரி, மல்லி,” என்றார் அக்கா. ‘தாய்ப்பால், தம்பி’ என்றதும் அந்த மனிசன் மூடியைத் திறக்காமலே பெட்டியைத் தள்ளிவிட்டு அடுத்த ஆளின் பையைப் பார்க்கப் போனார். அக்காவுக்கு அது பெரிய சந்தோசம். தன் பெட்டியை மட்டும் யாரும் திறக்கமாட்டார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

எங்கள் ஆய்வில் இரண்டு கட்டளைகள். ஒன்று, குழாயில் பெயர் இராது, இலக்கம் மட்டும்தான். மற்றது, எந்தத் தாய்க்கும் அவளுடைய முடிவைச் சொல்லக்கூடாது. அது இரகசியத்துக்காக இல்லை. இவ்வளவு இருந்தால் நல்லது, இவ்வளவு இருந்தால் கூடாது என்று ஒரு கோடு எங்களிடமே இல்லை. இல்லாத கோட்டைக் காட்டி ஒரு தாயை ஏன் பயப்படுத்த வேண்டும்?

ஜெசிந்தா அக்கா குழாய்களை என்னிடம் தரும்போது ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி கேட்பார். ஏதாவது ஒரு குழாயை யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பார்.

“மிஸ், இதப் பாருங்க, தண்ணி மாதிரி இருக்கு. இதுல அது இருக்குமா?”

“கண்ணால பாத்துச் சொல்ல ஏலாது அக்கா. முதல் வாற பால் எல்லாருக்கும் தண்ணியாத்தான் இருக்கும். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் கொழுப்புக் கூடும்.”

“அது சரி மிஸ். ஆனா இது ரொம்பத் தண்ணி.”

மூன்று மாதம் இதே பாட்டு. எனக்கு விசர் வந்துவிட்டது. ஒருநாள் மதியம், சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன், “உங்களுக்கு ஏன் அக்கா தண்ணிப் பாலில இவ்வளவு அக்கறை?”

அவர் பருப்பையும் சோற்றையும் பிசைந்தபடியே சொன்னார். இருபத்து நான்கு வருடத்துக்கு முன், மகன் ரொஷானுக்கு இரண்டு மாதம் முடிந்த கிழமை, புருசனின் அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறார். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் அற்றென்டனாக, தாதிமாருக்கு உதவியாளாக நின்றவர் என்பதால் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். தாய்ப்பாலில் ஒரு சொட்டைப் பெருவிரல் நகத்தில் விட்டுச் சரித்துப் பார்ப்பது அவருடைய வழக்கம். மணிபோல நின்றால் நல்ல பால், வழிந்தால் தண்ணி. ஜெசிந்தா அக்காவின் சொட்டு வழிந்துவிட்டது.

“‘தண்ணி. பிள்ளையக் காய வச்சுக் கொல்லப் போறியா’ன்னு கேட்டா மிஸ். அன்னைக்குப் பின்னேரமே கடையிலருந்து பால்மா ரின் வந்திரிச்சு. மூணு கிழமையில எனக்குப் பால் வத்திப் போச்சு.”

“ரொஷான் இப்ப?”

“ஹாபர்ல க்ரேன் ஓட்டுறான். ஆறடி.”

“பிறகென்ன? வளந்திட்டான்தானே!”

“வளந்துட்டான் மிஸ். ஆனா நான் வளக்கலங்கிற மாதிரி ஒரு இது.” அவர் விரலை நக்கிவிட்டுச் சிரித்தார். “பிறகு மருந்துக்கடையில பதினொரு வருஷம் அதே ரின்ன எடுத்து எடுத்து வித்தேன். புதுத் தகப்பன்மார் போன்ல ரின் போட்டோ காட்டிக் கேப்பாங்க. எந்தப் பொம்பளைக்கு யார் நகம் பாத்தாங்களோன்னு நினைப்பேன். இந்த வேலையைப் பத்திக் கேள்விப்பட்டதும் அதுக்காகத்தான் வந்தேன். தண்ணிக்குள்ள என்னதான் இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்.”

அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு நான் எரிந்து விழவில்லை. பதிலும் சொல்லவில்லை. அவருடைய பால் இருபத்து நான்கு வருடத்துக்கு முன்னால் போனது. அதை எந்த இயந்திரத்தில் போட்டு அளப்பது?

இனி அந்த வியாழக்கிழமை. இருபத்தேழாம் இலக்கத் தாயின் இரண்டாம் மாதப் பாலும், முப்பத்தோராம் இலக்கத் தாயின் பாலும் ஒரே நாளில் வந்தவை. இரண்டையும் இயந்திரத்தில் போட்டால் மூன்று பொருட்களும் ஒரே அளவு. தசமம் வரைக்கும் ஒன்று. இரண்டு பெண்களிடம் ஒரு எண் ஒத்துப்போகலாம். மூன்றும் ஒத்துப்போகுமா? திரும்ப ஓட்டினேன், அதேதான். பதிவைப் பார்த்தேன். இரண்டு பேரும் வெள்ளவத்தையில் ஒரே மாடிக்கட்டடம், ஒரே காலை. எனக்கு மண்டை கொதித்தது. லிப்ற் வேலை செய்யாத நாளில் படியேறப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் அக்கா ஒருத்தியின் பாலை இரண்டு குழாயில் ஊற்றியிருக்கிறார் என்றே முடிவுகட்டினேன்.

“ஜெசிந்தா அக்கா, ஒரு பாலை ரெண்டாப் பிரிச்சனீங்களோ?”

அவர் முகம் சிறுத்துப் போனது. “மிஸ், நான் பதினொரு வருஷம் மருந்து குடுத்தவ. ஒரு பெனடோல் மாத்திரையக்கூட மாத்திக் குடுத்ததில்ல. நான் அப்படிச் செய்வேனா?”

“அப்ப இது என்ன?” என்று தாளை நீட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்குச் சுடுகிறது.

விசயம் ஆய்வை நடத்துகிற பேராசிரியரிடம் போனது. நான்தான் கொண்டுபோனேன். திங்கட்கிழமைக்குள் காரணம் தெரியவேண்டும், இல்லாவிட்டால் பால் சேர்க்க வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். ஜெசிந்தா அக்கா அழவில்லை. “நாளைக்கு நீங்களும் வாங்க மிஸ். ரெண்டு வீட்டுக்கும் போவோம்,” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை போனோம். கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஐந்து மாடிக் கட்டடம். வாசல் மதிலில் இரசாயனவியலுக்கும் கணிதத்துக்கும் ரியூசன் நோட்டீஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன. லிப்ற் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. ஏறும்போது அக்கா தன் வேலைமுறையைச் சொன்னார். மூன்றாம் மாடியில் இருபத்தேழுக்குக் குழாயைக் கொடுத்துவிட்டு ஐந்தாம் மாடிக்கு ஏறுவார். அங்கே முடித்துக்கொண்டு இறங்கும்போது கீழே எடுத்துக்கொள்வார். தாய்மார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பால் எடுப்பார்கள், பக்கத்தில் நின்று பார்ப்பது மரியாதையில்லை.

மூன்றாம் மாடியில் சாம்பவி கதவைத் திறந்தாள். இருபத்தாறு வயதிருக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து வந்தவள். தோளில் பிள்ளை. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு வார்த்தை கேட்க முதலே கண் கலங்கிற்று.

“அன்ரி, நான்தான். ஜெசிந்தா அன்ரிக்கு ஒண்டும் தெரியாது.”

“என்ன செய்தனீர்?” என்றேன்.

“அது என்ர பால் இல்லை. மேல் வீட்டுப் பைறோஸா அக்கான்ர.”

முப்பத்தோராம் இலக்கம்! அன்று அதிகாலை பைறோஸா ஒரு கோப்பையில் பால் எடுத்து, பாதியை இவளுக்குக் கொடுத்திருக்கிறாள். மிச்சப் பாதி அவளுடைய குழாய்க்குப் போயிருக்கிறது. ஒரே கோப்பை, இரண்டு குழாய்.

“ஏன் பிள்ளை, ஏன்?” எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

“என்ர பால் தண்ணி. முதல் மாசம் என்ரயைத்தான் தந்தனான். ஒருத்தரும் வந்து ஒண்டும் சொல்லேல்லை. நல்லாயிருந்தாச் சொல்லியிருப்பினம்தானே? பெயில் ஆகிட்டன் எண்டு மாமியும் சொன்னா. அதான் இந்தமுறை நல்லதா ஒண்டைக் குடுத்துப் பாஸாகுவம் எண்டு...”

எனக்குச் சிரிப்பதா தலையில் அடிப்பதா என்று தெரியவில்லை. வாசலில் இறங்கினால் ரியூசன், ஏறினால் ரியூசன், இந்த வெள்ளவத்தையில் பால்கூடச் சோதனை எழுதப் போயிருக்கிறது! ஆனால் கோபம் முழுக்க அவள்மேல் போகவில்லை. முடிவைச் சொல்லக்கூடாது என்று கட்டளை போட்டது நாங்கள். சொல்லாமல் விட்டால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று ஒருநாளும் யோசிக்காததும் நாங்கள்தான்.

குசினியிலிருந்து சாம்பவியின் மாமி வந்தார். பெயர் சிவக்கொழுந்து. கோபக்காரர் இல்லை, பேரப்பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயந்த மனிசி. ஃபிரிட்ஜின் மேல் பிரிக்காத பால்மா ரின் ஒன்று இருந்தது.

“நான் அண்டைக்கே நகத்தில விட்டுப் பாத்தனான். நிக்கேல்லை, ஓடுது,” என்றார் மாமி. “எண்டாலும் நான் அவசரப்படேல்லை. லாப்காரர் நல்லது எண்டு சொன்னால் இந்த ரின்னைத் திருப்பிக் குடுப்பம், இல்லாட்டி நாளைக்கு உடைப்பம் எண்டுதான் சொன்னனான். இப்பவாவது வாயைத் திறந்து சொல்லுங்கோ பிள்ளை. இவளின்ர பால் என்ன மாதிரி?”

இருபத்தேழாம் இலக்கத்தின் முதல் மாதக் கணக்கு என் நாக்கு நுனியில் நின்றது. அறுபத்திரண்டு தாய்மாரில் ஸ்பேமிடின் மூன்றாவது இடம். அந்தத் தண்ணிப் பாலில்! தடித்து மஞ்சளாக இருந்த பைறோஸாவின் பாலில் அதில் பாதிதான். சொல்லிவிட்டால் ரின் கடைக்குப் போய்விடும். ஆனால் சொன்னால் அது பொய் மாதிரி ஒரு உண்மை. மூன்றாவது இடம் என்றால் நல்லது என்று யார் சொன்னது? அப்படியென்றால் ஐந்தாம் மாடியில் பைறோஸாவின் பால் கூடாததா? அவளுடைய பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறானே. நான் வாயைத் திறந்தேன், மூடினேன். என் வாழ்க்கையில் இப்படி நடந்தது குறைவு.

ஜெசிந்தா அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சாம்பவியிடம் திரும்பினார்.

“பிள்ளையோட கிளினிக் அட்டையை எடுங்க மகள்.”

மருத்துவிச்சி ஒவ்வொரு மாதமும் பிள்ளையை நிறுத்துப் புள்ளி போடும் அட்டை அது. எங்கள் படிவத்துக்காக அக்கா மாதாமாதம் அதைப் பார்த்து நிறையை எழுதுகிறவர். மேசையில் விரித்து, மாமியின் பக்கம் திருப்பினார்.

“கண்ணாடி போட்டுட்டு வாங்க அம்மா. இது பிறந்த நாள். இது ஒரு மாசம். இது போன கிழமை போட்டது. ஏறுதா, இறங்குதா?”

மாமி விரலால் புள்ளிகளைத் தொட்டார். “ஏறுது.”

“இதுவரைக்கும் பிள்ளை வேற என்ன குடிச்சிச்சு?”

“வேற ஒண்டும் இல்லை. இவளின்ர பால்தான்.”

“அப்ப இந்தப் புள்ளியெல்லாம் எதுல ஏறிச்சு அம்மா? அந்தத் தண்ணியிலதானே! நகம் சொல்றதக் கேப்பீங்களா, பிள்ளை சொல்றதக் கேப்பீங்களா? சந்தேகம்னா மிட்வைஃப் மிஸ்ஸ வரச்சொல்லிக் கேளுங்க. லாப்ல கேக்காதீங்க. இந்த மிஸ்ஸுக்கே இன்னும் தெரியாது.”

அது உண்மைதான், எனக்குத் தெரியாது. மாமி அட்டையைத் திரும்பவும் ஒருமுறை பார்த்தார். ஃபிரிட்ஜின் மேலிருந்து ரின்னை இறக்கி, அதோடு வந்த கடைப் பையைத் தேடினார். சாம்பவி பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் மாடிக்கும் போனோம். பைறோஸா வெட்கப்படவே இல்லை. “அழுதுக்கிட்டு வந்தா, குடுத்தேன். குழாய்க்குன்னுதான் குடுத்தேன். புள்ளைக்குக் குடுக்கக் கேட்டிருந்தா எங்க அவர்ட்டக் கேக்காமக் குடுக்க மாட்டேன். பொறகு என் மகனும் அவ மகளும் பால்குடி உறவாயிருவாங்க, எங்க மார்க்கத்துல அது கூடப்பொறந்த மாதிரி. குழாய்க்கு என்ன உறவு?” என்று சொல்லி எங்களுக்கு வட்டிலப்பம் வைத்தாள்.

படியிறங்கும்போது ஜெசிந்தா அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க மிஸ்,” என்றார். ஆனால் அவர் மனம் அங்கே இல்லை. ஸ்டேஷனில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழமையாக ரயிலில் ஓயாமல் கதைக்கிற மனிசி, கோட்டை வரும்வரை வாய் திறக்கவில்லை. என்னில் இன்னும் கோபம் என்றுதான் நினைத்தேன். எனக்குக் கிடைக்கவேண்டியதுதான்.

திங்கட்கிழமை பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தேழின் அந்தக் குழாயை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். தாய்மாரிடம் கொடுக்கும் தாளில் பிறகு ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது: “முடிவை நாங்கள் சொல்லமாட்டோம், அதனால் உங்கள் பால் கூடாது என்று அர்த்தமில்லை.” அந்த வரி ஜெசிந்தா அக்கா சொல்ல நான் எழுதியது. வேறு ஆள் தேடும் பேச்சு அன்றைக்கே முடிந்தது. அதைச் சொல்லத்தான் ஓடிப்போனேன்.

அவர் ஐஸ்பெட்டியைத் திறக்காமல் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள்ளிருந்து மடிப்பில் கிழிந்து, பசைத்தாள் ஒட்டிய ஒரு பழைய அட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“ரொஷானுடையது. அலுமாரியில ஞானஸ்நான சேட்டிபிக்கட்டோட கிடந்திச்சு.”

“நீங்கள் பாத்தனீங்களோ?”

“இல்ல மிஸ்.”

இத்தனை மாதமாக எத்தனையோ பிள்ளைகளின் அட்டையைப் பார்த்து எழுதிய மனிசி. தன் பிள்ளையின் அட்டையை இருபத்து நான்கு வருடமாகத் திறக்கவில்லை. “ஏன் அக்கா?”

“பயம்தான். வெள்ளிக்கிழமை அந்த அம்மாட்ட அவ்வளவு பேசிட்டேன். எங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருக்கேன்னு அப்பத்தான் உறைச்சிச்சு. அது இறங்கியிருந்தா? நீங்க பாத்துச் சொல்லுங்க. இதச் சொல்லக்கூடாதுன்னு கட்டளை ஒண்ணும் இல்லையே?”

விரித்தேன். மை மங்கியிருந்தது, புள்ளிகள் தெரிந்தன. பிறந்தபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம். ஒரு மாதத்தில் மூன்று தொள்ளாயிரம். இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ. அதற்குப் பிறகுதான், மூன்றாம் மாதத்துக்கு நேரே, மருத்துவிச்சியின் கையெழுத்தில் சிங்களத்தில் ‘பிட்டி கிரி’ என்று இருந்தது. மாப்பால். நகம் பார்த்த கிழமைக்கு முன்னால் இருந்த ஒவ்வொரு புள்ளியும் ஏறித்தான் இருந்தது.

“ஏறுது அக்கா.”

“சரியாப் பாருங்க மிஸ்.”

“பாத்திட்டன். ரெண்டு மாசத்தில ரெண்டு கிலோவுக்கு மேல. முழுக்க உங்கட பால்.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன், எனக்கும் அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. கொஞ்சநேரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“அப்ப எனக்குப் பால் இருந்திருக்கு.”

“இருந்திருக்கு.”

“அந்த மச்சாள் செத்து ஒம்பது வருஷம். இருந்திருந்தா இப்பவே போய் அந்த நகத்த ஒட்ட வெட்டிவிட்டு வந்திருப்பேன்!”

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் போனை எடுத்து மகனுக்கு அடித்தார். மறுபக்கத்தில் துறைமுகத்து இரைச்சல் எனக்கே கேட்டது.

“ரொஷான், டேய், நீ ரெண்டு மாசம் என் பால்லதான்டா வளந்திருக்க!”

“என்னம்மா? கேக்கல! சாப்பிட்டீங்களா?”

அவர் எழுந்து நின்றார். ஆய்வுகூடத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏறியிருக்கடா!” என்று கத்தினார் ஜெசிந்தா அக்கா. “நல்லா ஏறியிருக்க!”